சாம்பிராணி பட்ட முந்நூறு போத்தல்கள்

எங்கள் அக்கா விஸ்கி வியாபாரம் செய்தார். இந்த நினைவு மலரை இப்படித் தொடங்க வேண்டாம் என்று எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர். மூவரும் எங்களுக்கு வேண்டியவர்கள், நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். "தொழிலதிபர்" என்று போட்டால் போதும் என்றார் ஒருவர். "ஏற்றுமதி இறக்குமதி" என்று போடலாமே என்றார் இன்னொருவர். மூன்றாமவர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் ஐயர் கையிலும் கொடுக்கப்போகிற புத்தகம், யோசித்து எழுது தம்பி என்றார். முப்பது நாளும் யோசித்துப் பார்த்தேன். போத்தலுக்குள் ஒன்றும் லேபலில் வேறொன்றுமாக அக்கா எதையும் விற்றதில்லை. அவருடைய வாழ்க்கைக்கு மட்டும் நான் எப்படிப் பொய் லேபல் ஒட்டுவது? ஆகவே உள்ளதை எழுதியிருக்கிறேன். மனம் நோகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

அக்கா பிறந்தது யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில். எங்கள் அப்பா புகையிலை வியாபாரி. அக்காவும் நானுமாக இரண்டே பிள்ளைகள், எங்களுக்குள் பத்து வயது இடைவெளி. முன்னறையில் புகையிலைச் சிப்பங்கள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். அதில் ஏதாவது ஒரு சிப்பம் உள்ளுக்குள் பூஞ்சணம் பிடித்திருந்தால், கட்டை அவிழ்க்காமலே அக்கா விரலை நீட்டிக் காட்டிவிடுவார். அப்பா இதைச் சந்தையெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். கலியாணம் பேச வருகிறவர்களிடம் மூக்கைப் பற்றியா சொல்வது என்று அம்மா சினந்தார். அந்த மூக்குத்தான் பின்னாளில் எங்கள் எல்லோருக்கும் சோறு போடப்போகிறது என்று அம்மாவுக்கு அப்போது தெரியாது.

எழுபதுகளின் நடுவில் அத்தானைக் கைப்பிடித்து அக்கா லண்டன் வந்தார். டூட்டிங்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள். அத்தான் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்துகொண்டே பொறியியல் படித்தார். அவர்களுடைய ஒரே மகள் சுபா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஆண்டில், ஒரு காலையில், வேலைக்குப் புறப்பட்ட அத்தான் வாசற்படியிலேயே சாய்ந்து போனார். அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு என்று அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். இங்கே இருந்தே பிள்ளையை ஆளாக்குவேன் என்று அக்கா ஒரே வரியில் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை அம்மா எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "இவளுக்கு ஆர் சொல்லேலும்" என்றார்.

பிள்ளையின் பள்ளிக்கூட நேரத்துக்குப் பொருந்தும் வேலையாகத் தேடியபோது அகப்பட்டது ஒரு தட்டெழுத்தாளர் வேலை. லண்டன் பாலத்துக்கு அருகே, ரயில் பாதையைத் தாங்கி நிற்கும் செங்கல் வளைவுகளின் கீழ் இருந்தது அந்த இடம். மேலே ஒபிஸ், கீழே நிலவறை. நாங்கள் வீட்டில் அதைக் "கொம்பனி" என்றுதான் சொல்வோம், இங்கும் அப்படியே சொல்கிறேன்.

கொம்பனியைத் தொடங்கியவர் ஸ்கொட்லாந்தின் வடக்கிலிருந்து லண்டனுக்கு வந்து, தேயிலையும் சீனியும் விற்ற ஒரு மளிகைக்காரர். கடையின் பின்னறையில் இரண்டு பீப்பா விஸ்கியும் வைத்திருந்தாராம். பிறகு தேயிலையும் சீனியும் போய் விஸ்கி மட்டும் நின்றது. ஸ்கொட்லாந்து வடிசாலைகளில் புதிதாக இறக்கியதைப் பீப்பாவோடு வாங்குவது, வருடக்கணக்கில் பீப்பாவிலேயே கிடக்க விடுவது, பதம் வந்ததும் போத்தலில் அடைத்துத் தங்கள் லேபலை ஒட்டி விற்பது. இவ்வளவுதான் தொழில். எந்தப் பீப்பா எப்போது பதமாகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் வித்தை இருக்கிறது. அதைக் குடித்துப் பார்ப்பதில்லை, கிளாஸில் கொஞ்சம் ஊற்றித் தண்ணீர் சேர்த்து மூக்கால் மணந்து பார்ப்பார்கள். காலையிலிருந்து நாற்பது பீப்பாவைக் குடித்துப் பார்க்கிறவனிடம் மாலையில் என்ன கேட்கமுடியும்?

மளிகைக்காரருக்குப் பின் அவர் மகன் நடத்தினார். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து மேல்மாடி எரிந்தபோது, கீழே இருந்த பீப்பாக்களை ஈரச் சாக்குப் போட்டு மூடிக் காப்பாற்றியவர் அவர்தான். அவருக்குப் பின் பேரன் மிஸ்டர் பெட்ரி. அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது மிஸ்டர் பெட்ரி அறுபதைத் தாண்டியிருந்தார், பிள்ளைகள் இல்லை. விஸ்கிக்கும் அது கெட்ட காலம். ஸ்கொட்லாந்தில் வடிசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன.

அக்காவின் வேலை கடிதங்களையும் லேபல்களையும் தட்டெழுதுவது. ஒருநாள் மிஸ்டர் பெட்ரி ஒரு பீப்பாவின் மாதிரியை மணந்துவிட்டு, மிகச் சிறந்தது என்று எழுதி அக்காவின் மேசையில் வைத்தார். கிளாஸும் பக்கத்தில் இருந்தது. அக்கா தட்டெழுதுவதை நிறுத்திவிட்டு, இது நனைந்த சாக்கு மணக்கிறதே, எப்படிச் சிறந்தது என்று அடிப்பது என்று கேட்டார். மிஸ்டர் பெட்ரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாராம். கடுங்காய்ச்சல் ஒன்று வந்துபோன பிறகு, இரண்டு வருடமாகத் தமக்கு எதுவுமே மணப்பதில்லை என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். பீப்பாவின் வயதையும் நிறத்தையும் பார்த்து ஊகத்தில் எழுதிவந்திருக்கிறார். வெளியே தெரிந்தால் கொம்பனி அன்றோடு முடிந்துபோகும். அக்கா யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் முதல் கிளாஸ்கள் எல்லாம் அக்காவின் மேசைக்கு வந்தன.

இப்படித்தான், வெள்ளிக்கிழமை விரதம் தவறாத, வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொண்டைக்குள் இறக்காத ஒரு சைவப் பெண் ஸ்கொட்லாந்து விஸ்கிக்கு மூக்கானார். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். நாங்களும் சிரித்திருக்கிறோம், அக்காவும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த மூக்குக்காக அவர் விட்டவை பல. முகத்துக்குப் பவுடர் இல்லை, தலைக்குப் பூ இல்லை. காலையில் வீட்டில் வெங்காயம் தாளிக்கக் கூடாது. நிலவறையில் வாசனை தரும் எதுவும் கூடாது, சந்தனப் பொட்டுக்கூட வாசலில் அழித்துவிட்டுத்தான் இறங்குவார். நவராத்திரி வந்தால் எல்லோரும் தொழிலிடத்தில் ஆயுத பூசை செய்வார்கள். அக்காவோ பீப்பாவின் அடைப்பைத் தட்டிக் கழற்றும் சின்ன மரச் சுத்தியலான கொட்டாப்புளியைக் கைப்பையில் போட்டு டூட்டிங் வீட்டுக்குக் கொண்டுபோய், சரஸ்வதி படத்தின் முன் வைத்துப் பூசை முடித்து, கழுவித் துடைத்துத் திரும்பக் கொண்டுவருவார். பீப்பா வாங்க ஸ்கொட்லாந்துக்குப் போகும் ரயிலில் கொட்டாப்புளியோடு உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெண்ணைப் பார்த்து இரண்டொருவர் இடம் மாறி உட்கார்ந்ததும் உண்டு.

எங்கள் சனத்தின் வாயையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. "சாராயக்காரி" என்ற பட்டம் டூட்டிங்கிலிருந்து லண்டனின் மறுகோடியில் இருக்கும் குட்மேய்ஸ் வரை போயிருந்தது. கோயில் திருவிழா உபயத்துக்குக் கொம்பனியின் பெயரைப் போட வேண்டாம், அக்காவின் பெயரை மட்டும் போடுவோம் என்றார்கள். போடுவதானால் இரண்டையும் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். ஒன்றும் போடவில்லை. அதே ஆட்கள் மகனின் கலியாணம் வந்தால் பின்வாசலால் வந்து, "பிள்ளை, ரெண்டு நல்ல போத்தில் எடுக்கேலுமோ" என்று கேட்பார்கள். அக்கா எடுத்துக் கொடுப்பார். எனக்கு வரும் கோபத்தில் பாதிகூட அவருக்கு வந்ததை நான் காணவில்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நான் வந்து சேர்ந்தேன். குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டடத்து வரிசையில் என்னோடு விடிகாலையிலிருந்து நின்றவர் அக்கா. வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் நிலவறையில் என்னைச் சேர்த்தார். பீப்பா உருட்டுவது, போத்தல் கழுவுவது, தக்கை அடிப்பது என் வேலை. என் அகதி வழக்கு மட்டும் முடிவில்லாமல் வருடக்கணக்கில் கிடந்தது. இதற்கிடையில் மிஸ்டர் பெட்ரி கொம்பனியில் சரிபாதியை அக்காவின் பெயருக்கு எழுதிவைத்தார்.

கொம்பனிக்கு நூறு வயதாகும் ஆண்டு வந்தது. மிஸ்டர் பெட்ரியின் தகப்பனார் கடைசியாக வாங்கிப் போட்டுவிட்டுப் போன இரண்டு பீப்பாக்கள் நிலவறையின் மூலையில் இருந்தன. முப்பது வருடம் கிடந்தவை. அவற்றை ஒன்றாகக் கலந்து நூற்றாண்டுப் போத்தலாக அடைப்பது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். மொத்தம் முந்நூறு போத்தல். கலந்து தொட்டியில் ஊற்றியாயிற்று, தக்கைகள் திறந்த சாக்கில் தயாராக இருந்தன. அந்த வாரம் அக்காவுக்கு ஸ்கொட்லாந்துக்குப் போகவேண்டி வந்தது. ஆயுத பூசையும் அதே வாரம். கொட்டாப்புளியை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோ என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

கொண்டுபோனேன். ஆனால் என் மனம் ஆறவில்லை. நூறாவது வருடம், இவ்வளவு பெரிய காரியம், ஒரு கொட்டாப்புளிக்கு மட்டும் பூசை போதுமா? பம்புக்கும் தக்கை அடிக்கும் மெசினுக்கும் தொட்டிக்கும் யார் செய்வது? டூட்டிங் கடையில் ஒரு பெட்டி சாம்பிராணி வாங்கினேன். கீழே கற்பூரம் கொளுத்தக் கூடாது என்ற அளவுக்கு அறிவு இருந்தது. வெளியே, வளைவின் கீழ் தணல் போட்டு, சட்டியில் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கி, ஒவ்வொரு மூலைக்கும் காட்டினேன். ஜன்னல் இல்லாத நிலவறையில் புகை அருமையாக நின்றது. எனக்குக் கண் கலங்கியது. பக்தியால் என்று நினைத்தேன்.

அடுத்த மூன்று நாளில் போத்தலில் அடைத்து, லேபல் ஒட்டி, அனுப்பியும் விட்டோம். அக்கா வந்ததும் ஒதுக்கிவைத்த மாதிரிப் போத்தல்களில் ஒன்றைத் திறந்தார். கிளாஸில் ஊற்றினார், மணந்தார், வைத்தார். தக்கையை எடுத்து மணந்தார். இன்னொரு மாதிரிப் போத்தலையும் திறந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கீழ ஏதும் கொளுத்தினனியோ?"

பூசைக்குக் கொஞ்சம் சாம்பிராணி போட்டேன் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். ஒரு பெட்டி என்றேன். அக்கா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். விஸ்கி ஆவி நிறைந்த இடத்தில் தணலோடு போனாயா, நீ செத்திருந்தால் அம்மாவுக்கு நான் என்ன சொல்வது என்றுதான் முதலில் கேட்டார். போத்தல்களின் நினைவு அவருக்கு அதன் பிறகுதான் வந்தது.

எனக்கு அதில் ஒன்றும் மணக்கவில்லை, விஸ்கிதான் மணத்தது. மிஸ்டர் பெட்ரிக்கு எதுவுமே மணக்காது. போதாததற்கு, இப்படி ஒரு மணத்தை இதுவரை அறிந்ததில்லை என்று ஒரு வாடிக்கையாளர் பாராட்டி எழுதிய கடிதம் வேறு அன்று வந்திருந்தது. நல்ல மணம் என்றுதானே எழுதியிருக்கிறார்கள், விட்டுவிடுவோமே என்றேன்.

"நல்ல மணந்தான். ஆனா அது எங்கட விஸ்கியின்ர மணமில்லை. லேபல்ல என்ன எழுதியிருக்கு? ரெண்டு பீப்பா எண்டுதானே எழுதியிருக்கு? அதில உன்ர சாம்பிராணி இல்லையே."

முந்நூறையும் திருப்பி எடுக்கப்போகிறேன் என்றார். மிஸ்டர் பெட்ரி முதன்முறையாக அக்காவோடு சண்டை பிடித்தார். அவருடைய தகப்பனாரின் கடைசிப் பீப்பாக்கள், அவருடைய பாட்டனாரின் பெயர். ஊரெல்லாம் போய் எங்கள் சரக்கு பழுது என்று நாமே சொன்னால் யார் இனி வாங்குவார்கள் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அக்கா அவரிடம், மணக்கிறது என்று நான் சொல்கிறேன், இத்தனை வருடம் நம்பியதுபோல இன்றும் நம்புகிறீர்களா என்று மட்டும் கேட்டார். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து, போத்தலைத் திருப்பிக் கேட்கும் முதல் கடிதத்தில் தாமே கையெழுத்துப் போட்டார்.

இனி எழுதப்போவது இதுவரை யாருக்கும் தெரியாதது. அந்தக் கடிதத்தில், நிலவறையில் சாம்பிராணி போட்டவர் கொம்பனியின் பங்காளியான தாமே என்று அக்கா எழுதினார். நான் மறித்தேன். "உன்ர வழக்கு குரோய்டனில கிடக்குது. நெருப்புக் கதை உன்ர பேரில போகக்கூடாது. நீ வாயைத் திறக்கிறேல்லை, சரியோ" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் நம்மவர்கள் "சாம்பிராணி அக்கா" என்று வைத்த பட்டத்தைப் பத்து வருடம் அவர் சுமந்தார். கலியாண வீடுகளில் அதைச் சொல்லி எல்லோரும் சிரித்தபோது நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். என் வழக்கு முடிந்த பிறகும் நான் பேசவில்லை. அதற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

கொம்பனியின் வான் வண்டியை நான் ஓட்ட, அக்கா முகவரிகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். கிளப்புகள், உணவகங்கள், வீடுகள் என்று ஏறி இறங்கினோம். சிலர் உடனே தந்தார்கள், சிலர் ஏற்கெனவே குடித்து முடித்திருந்தார்கள். வட லண்டனில் ஒரு முதியவர், தனக்கு இதில் ஒரு குறையும் மணக்கவில்லை, தரமாட்டேன் என்றார். அக்கா வாதாடவில்லை. கைப்பையிலிருந்து தட்டெழுதிய ஒரு புது லேபலை எடுத்தார். "இந்த விஸ்கி சாம்பிராணிப் புகை பட்டது. புகை போட்டவர் கொம்பனியின் பங்காளி." அதைப் போத்தலில் ஒட்ட மட்டும் விடுங்கள், பிறகு வைத்திருங்கள் என்றார். முதியவர் சிரித்துவிட்டு ஒட்டவிட்டார்.

திரும்பி வந்தவற்றை நிலவறை வடிகாலில் அக்காவே ஊற்றினார். கடைசிப் போத்தலை மிஸ்டர் பெட்ரி வாங்கித் தாமே ஊற்றினார். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. முந்நூறில் ஏழு போத்தல்களின் தடம் மட்டும் கிடைக்கவேயில்லை. மாதிரிப் போத்தல் ஒன்றை மட்டும் அக்கா அலுமாரியில் பூட்டிவைத்தார்.

மிஸ்டர் பெட்ரி பயந்தது நடந்தது. எங்கள் போத்தல்களில் மூன்றிலொரு பங்கை வாங்கிவந்த பெரிய கடையொன்று உடனே நிறுத்திக்கொண்டது. இரண்டு வருடம் கொம்பனியில் நாங்கள் மூன்று பேர்தான். சனிக்கிழமைகளில் சுபாவும் வந்து லேபல் ஒட்டுவாள். மூடிவிடலாமே என்று நான்கூடச் சொன்னேன். மணக்கத் தெரிந்த மூக்கும் பதமான பீப்பாவும் இருக்கும்போது ஏன் மூடவேண்டும் என்று அக்கா கேட்டார். பிறகு மெல்லத் திரும்பி வந்தார்கள். முதலில் வந்தவர்கள் நாங்கள் போத்தல் திருப்பி வாங்கிய கிளப்புகள். அந்த அம்மா சரியென்று சொன்னால் நாங்கள் திறந்துபார்க்கத் தேவையில்லை என்று ஒரு கிளப்பின் நிலவறைக்காரர் சொன்னதை அக்கா பலமுறை எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். அவருக்குப் பெருமை வந்து நான் பார்த்தது அந்த ஒரு விடயத்தில்தான். மிஸ்டர் பெட்ரி காலமானபோது கொம்பனி பழையபடி நிமிர்ந்திருந்தது. மீதிப் பாதியையும் அவர் அக்காவுக்கே விட்டுச் சென்றார்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அக்காவுக்குப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றிய மூன்றாம் வாரம், காலையில் தேத்தண்ணிக் கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனவர் அப்படியே வைத்துவிட்டார். மிஸ்டர் பெட்ரி இரண்டு வருடம் மறைத்ததை அக்கா இரண்டு மணித்தியாலம்கூட மறைக்கவில்லை. உடனே கொம்பனிக்குப் போன் எடுத்து, இன்றிலிருந்து என் மூக்கை நம்பவேண்டாம், நான் பழக்கிவைத்த சுபா மணந்து சொல்லட்டும் என்றார்.

கடைசி வாரத்தில், ஒரு பின்னேரம், அலுமாரியில் இருக்கும் அந்த மாதிரிப் போத்தலைக் கொண்டுவரச் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தபடி தக்கையை வாங்கி, நெடுநேரம் மூக்கோடு வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை, தம்பி. நீ சொல்லு. சாம்பிராணிதானே?"

இத்தனை வருடமும் அந்தச் சந்தேகம் அவருக்குள் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கைக்கு வந்த அத்தனை போத்தலையும் ஒரு மனிதரின் தகப்பன் விட்டுப்போன கடைசிச் சொத்தையும் தன் ஒருத்தியின் மூக்கை நம்பி வடிகாலில் ஊற்றியவர் அவர். வேறு எவருக்கும் அது மணக்கவில்லை. நான் தக்கையை வாங்கி மணந்தேன். அதன்பின்னான பத்து வருட வேலையில் என் மூக்கும் கொஞ்சம் படித்திருந்தது. விஸ்கிக்கு அடியில், மெல்லியதாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல், நான் அன்று காட்டிய புகை இருந்தது. ஓம் அக்கா, சாம்பிராணிதான் என்றேன். "அப்ப நாங்கள் செய்தது சரி" என்றார். அதன்பின் அவர் கொம்பனியைப் பற்றிப் பேசவில்லை. ஐந்தாம் நாள் எங்களைவிட்டுப் போனார்.

அக்காவை அன்போடு பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், தினமும் சோறு சமைத்துக் கொண்டுவந்த டூட்டிங் அயலவருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினருக்கும், கடல் கடந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பின்வாசலால் வந்து போத்தல் வாங்கியவர்களுக்கும் நன்றி, நீங்கள் இறுதி நாளன்று முன்வாசலால் வந்து மலர்வளையம் வைத்ததை நான் கவனித்தேன். போத்தலைத் திருப்பித் தந்த ஒவ்வொருவரையும் அக்கா பெயர் சொல்லி நினைவு வைத்திருந்தார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தடம் கிடைக்காத அந்த ஏழு போத்தல்களில் ஒன்று உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவர்களிடமோ இருக்கலாம். கொண்டு வாருங்கள். திறந்திருந்தாலும் பரவாயில்லை, சுபா நடத்தும் கொம்பனி அதைத் திருப்பி எடுக்கும். வைத்திருக்க விரும்பினால் வைத்திருங்கள், ஆனால் புது லேபல் ஒன்று ஒட்ட விடவேண்டும். வட லண்டன் முதியவரின் போத்தலில் ஒட்டிய லேபலில் அக்கா எனக்காக ஒரு பொய் எழுதியிருந்தார். அதை மாற்றி ஏழு லேபல் அடித்து வைத்திருக்கிறேன்: "இந்த விஸ்கி சாம்பிராணிப் புகை பட்டது. புகை போட்டவர் தம்பி."